எதிரி கொடுத்த சான்றிதழ்

தக்கையை எடுத்ததும் அறைக்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. டிஞ்சர் அயோடின், பஞ்சு, அதற்கும் பின்னால் எங்கோ ஈர விறகு புகைகிற நெடி. "ஏம்ப்பா, இது குடிக்கிறதா, புண்ணுல போடுறதா?" என்றார் எங்களில் மூத்தவர். கொண்டுவந்த நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. லஃப்ராய்க், பத்து வருட மால்ட் விஸ்கி, ஸ்காட்லாந்தின் மேற்கே ஐலா தீவுச் சரக்கு. யார் யார் எத்தனை மார்க் போட்டிருக்கிறார்கள் என்று போனைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். கடற்பாசியாம், தார்க்கயிறாம், உப்புக்காற்றாம், கடைசியில் ஒரு மெல்லிய இனிப்பாம்.

இந்த மார்க்குக்காரர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு என்கிறார்கள். மீதி எட்டை எதற்காகப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்வதே இல்லை.

மூத்தவரின் மூக்கு ஒன்றும் பொய் சொல்லவில்லை. மரம் அரிதான அந்தத் தீவில், சதுப்பில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கி இறுகிய பீட்டைப் பாளம் பாளமாக வெட்டி, காயவைத்து எரிப்பார்கள். முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது ஃபீனால்கள் தானியத்தில் ஏறிக்கொள்கின்றன. பழைய ஆஸ்பத்திரிகளில் கிருமிநாசினியாக மணத்த கார்பாலிக் அமிலமும் ஃபீனால்தான். அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த 1920களில் லஃப்ராய்க் மருந்து என்ற பெயரில் உள்ளே போனது என்கிறார்கள். புட்டியை மோந்து பார்த்த எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வந்திருக்காது.

ராவாகத்தான் குடிக்கவேண்டும் என்பது நண்பரின் கட்டளை. நான் இங்க் ஃபில்லரால் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டேன்; முறைத்தார். புகை வாசனைக்குக் காரணமான குவாயகால் என்ற பொருள், தண்ணீர் சேர்ந்தால் திரவத்தின் மேற்பரப்புக்கு வரும் என்று சுவீடனில் லின்னேயஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இருவர் 2017இல் கணினியில் கணித்துக் காட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னேன். அவர் மசியவில்லை. நாலு சொட்டு விழுந்த என் கிளாஸில் ஆஸ்பத்திரி இன்னும் ஒரு வார்டு பெரிதாகியிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். மூத்தவர் இதற்குள் சோடாவை ஊற்றி, மிக்சர் தட்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்.

மார்க்கைவிட எனக்கு நம்பிக்கையான சான்றிதழ் ஒன்று இந்தச் சரக்குக்கு உண்டு. கொடுத்தவர் பீட்டர் மேக்கி, ஒயிட் ஹார்ஸ் விஸ்கியின் முதலாளி. ஐலாவின் தென்கரையில் லஃப்ராய்க்கும் லகவூலினும் இரண்டு மைலுக்குள் இருக்கும் பக்கத்துப் பக்கத்து வடிசாலைகள். லகவூலின் மேக்கியின் கையில் இருந்தது. லஃப்ராய்க்கை விற்றுக்கொடுக்கும் ஏஜென்சியும் நெடுங்காலமாக அவர் நிறுவனத்திடமே இருந்தது. 1907இல் அது கைவிட்டுப் போயிற்று. மனுஷனுக்கு ஆறவில்லை. லஃப்ராய்க்குக்குத் தண்ணீர் வரும் வழியைக் கல்லைப் போட்டு அடைத்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிடும்படி ஆயிற்று. வாய்க்கால் தகராறு நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வாய்த்த கலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் சாதாரணப் பங்காளிச் சண்டை. ஆனால் மேக்கி மறு வருஷமே, 1908இல், லகவூலின் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்று இன்னொரு சின்ன வடிசாலையைக் கட்டினார். லஃப்ராய்க்கின் செப்பு வடிகலன்களைப் பார்த்து அதே வடிவில் கலன்கள் செய்தார். அங்கே வேலை பார்த்தவரையே ஆசை காட்டி இழுத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். தீவு அதே தீவு, புகையும் பீட் புகையே, கடற்காற்றிலும் குறையில்லை. வந்த சரக்கு மோசமில்லை. லஃப்ராய்க்காக மட்டும் அது இல்லை. மேக்கி 1924இல் இறந்துபோனார். மால்ட் மில் 1962வரை ஓடி மூடிக்கொண்டது.

காசும் கோபமும் நிறைய இருந்த ஒரு வியாபாரி, தன் இடத்தில், தன் செலவில், பக்கத்து வீட்டுச் சரக்கைப்போல ஒன்றைக் காய்ச்சப் பார்த்திருக்கிறார். இதைவிட மனமார்ந்த பாராட்டை எந்த விமர்சகரும் எழுதியதாகத் தெரியவில்லை. நண்பரிடம் சொன்னேன். "அப்ப அந்தக் காப்பி சரக்கு எங்க கிடைக்கும்?" என்று கேட்டார், போனைக் கையில் எடுத்தபடி. அவருக்கு ஆசை அதன்மேல் போய்விட்டது.

கிடைக்காது. அதனாலேயே அதற்கு மவுசு ஏறிவிட்டது. கென் லோச் 2012இல் எடுத்த 'தி ஏஞ்சல்ஸ் ஷேர்' படத்தில், மால்ட் மில் பீப்பாய் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. பத்து லட்சம் பவுண்டையும் தாண்டி விலை போகிறது. வேலைவெட்டி இல்லாத கிளாஸ்கோ இளசுகள் அதிலிருந்து கொஞ்சத்தை உறிஞ்சி எடுத்து, ஐர்ன்-ப்ரூ என்ற ஸ்காட்லாந்து சோடாவின் காலிப் புட்டிகளில் ஊற்றிக் கொண்டுபோகிறார்கள். பீப்பாய் கற்பனைதான். ஆனாலும் போலிக்கு அந்த விலை வைக்க யாருக்கும் கூச்சமில்லை. அசல் இன்றைக்கும் விமான நிலையக் கடைகளில், சாக்லேட் டப்பாக்களுக்கு அடுத்த அலமாரியில் கிடைக்கிறது. சில நாட்களில் தள்ளுபடியும் உண்டு.