கடைக்கு ஒரு பின்வாசல்

கும்பகோணத்தில் அந்தப் பாத்திரக்கடையின் ஷட்டரைத் தினமும் காலை ஒன்பது மணிக்குத் தூக்குவது அந்த அம்மாதான். கணவர் இருந்தவரை கல்லாவில் வந்து உட்கார்ந்ததே இல்லை. அவர் போன பிறகு, பித்தளைக் குடத்தைக் கையில் தூக்கியே எடை சொல்லும் அளவுக்குத் தொழில் பழகிவிட்டது. ஆறு வருடம் அப்படியே ஓடியது.

இந்த ஆடி மாதம் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு உதவிக்கு ஆள் வைத்தாகிவிட்டது. ஆனாலும் மதியச் சாப்பாடு மருமகள் கையால் ஊட்டினால்தான் உள்ளே இறங்கும். கடையை விட்டால் வருமானம் இல்லை. வீட்டை விட்டால் மனசு கேட்கவில்லை.

கடையில் ஏற்கெனவே நான்கு கேமரா இருந்தது. படம் கடைக்குள் இருக்கும் டிவியில் மட்டும்தான் தெரியும். கேமரா மாட்டிய பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, மத்தியானம் நான் வீட்டுல இருக்கணும். அங்கேருந்தே கடையைப் பாக்கணும், பில் கணக்கையும் பாக்கணும். வழி இருக்கா?"

"இருக்குக்கா. ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் போட்டாப் போதும்" என்றான் அவன்.

ரவுட்டரை ஒரு காவல்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியுலகுக்குத் தெரிவது கடையின் ஒரே ஒரு இணைய முகவரி. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர், கேமரா பெட்டி, பிரின்டர் எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் தனித்தனி எண்களை ரவுட்டரே கொடுத்து வைத்திருக்கும். உள்ளேயிருந்து யாராவது எதையாவது கேட்டால், வரும் பதிலைச் சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அழைக்காமல் வெளியிலிருந்து வருபவரை யாரிடம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடும். 'இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தால் நேராகக் கேமரா பெட்டிக்கு விட்டுவிடு' என்று அதற்குச் சொல்லி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். வந்தவர் யார் என்று மட்டும் காவல்காரர் கேட்கமாட்டார்.

பையன் வேலையை ஆரம்பித்தான். கேமரா பெட்டியின் உள் எண் நாளைக்கு மாறிப்போனால் வழியும் தவறிப்போகும் என்று, முதலில் அதை நிலையாக்கினான். பிறகு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, 8000 என்ற போர்ட்டைக் கேமரா பெட்டிக்கும் 3389 என்ற போர்ட்டைக் கம்ப்யூட்டருக்கும் திருப்பிவிட்டான். 3389 என்பது விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்குவதற்கான வழி.

அன்றைக்கு வேலை செய்யவில்லை. ரவுட்டரின் வெளி எண்ணைப் பார்த்தால், 100.64 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை வந்தால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது என்று அர்த்தம். தெருக்கதவே பொதுவாக இருக்கும்போது, நம் வீட்டுக் கதவைத் திறந்து என்ன பயன்? தனியாகப் பணம் கட்டி நிலையான முகவரி வாங்கினார். இந்த முறை கடை வைஃபையை அணைத்துவிட்டு, செல்போன் டேட்டாவில் சோதித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால்தானே வெளியே தெரிகிறதா என்று தெரியும். தெரிந்தது.

முதல் நாள் மதியம் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டே போனைத் திறந்தார். கணக்குப்பிள்ளை ஒரு குத்துவிளக்கைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அத்தை கண்ணைச் சுருக்கி எட்டிப் பார்த்தார்.

"உங்க மாமா போட்ட தேக்கு அலமாரி அப்படியே இருக்கே!"

கடைக்குப் போய் வருடக்கணக்காகியிருந்தது அவருக்கு. அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் என்றால் கடை நேரம் என்றாகிவிட்டது. பேச்சும் கூடியது, சாப்பாடும் கூடியது.

தீபாவளிக்கு அக்கா மகன் வந்திருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கடைக் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

"சித்தி, ராத்திரி ரெண்டு மணிக்கு இதுக்குள்ள நுழையப் பாக்கறது யாரு?"

தோற்றுப்போன நுழைவு முயற்சிகள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. அட்மின், யூசர், டெஸ்ட் என்று விதவிதமான பெயர்கள். சில நிமிடங்களுக்கு ஒன்று. கேமரா பெட்டியின் பாஸ்வேர்டைக் கேட்டான். வாங்கியபோது இருந்த 12345 தான்.

"நம்ம கடையை யாருக்குடா தெரியும்?" என்றார் சித்தி.

"யாருக்கும் தெரிய வேண்டாம் சித்தி. எந்தக் கதவு திறந்திருக்குன்னு மெஷினே எல்லா நம்பரையும் தட்டிப் பார்க்கும்."

ஒரு போர்ட்டுக்காக இணையத்தின் சுமார் 400 கோடி பழைய பாணி முகவரிகளையும் தட்டிப் பார்க்க, வேகமான இணைப்பு இருந்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது என்று 2013-லேயே ஆராய்ச்சியாளர்கள் செய்துகாட்டிவிட்டார்கள். 2016-ல் மிராய் என்ற தீய நிரல், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அப்படிப்பட்ட கருவிகளை ஏவித் தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்குப் பல மணி நேரம் கிடைக்காமல் போயின. தங்கள் கேமரா அதற்கு அடியாளாகப் போனது சொந்தக்காரர்களுக்கே தெரியாது.

"கம்ப்யூட்டர்ல நுழைஞ்சா என்ன ஆகும்?"

"எல்லாக் கணக்கையும் பூட்டுப் போட்டுட்டு, திறக்கப் பணம் கேப்பாங்க."

அவருக்குக் கை சில்லிட்டது. ஆறு வருட பில், ஜிஎஸ்டி கணக்கு, தை மாதக் கல்யாணங்களுக்கு வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான்.

கணக்குப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "ஐயா இருந்தப்போ கொல்லைக் கதவுச் சாவியை மாடத்துல வைக்கவே விடமாட்டாரும்மா."

பையன் மேல் கோபம் வந்தது, பிறகு அடங்கிவிட்டது. கடை வீட்டில் தெரிய வேண்டும் என்று கேட்டார், தெரியவைத்தான். வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"எல்லாத்தையும் மூடிடுடா" என்றார். சொல்லும்போதே அத்தையின் மதியச் சாப்பாடு நினைவுக்கு வந்தது.

"மூட வேண்டாம் சித்தி. ரெண்டு கதவையும் எடுத்துட்டு, சாவி இருந்தா மட்டும் திறக்கற ஒரே கதவு வைப்போம்."

அதன் பெயர் விபிஎன். அந்த ரவுட்டரில் அந்த வசதி இல்லை. தன்னிடமிருந்த ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்து, அதில் வயர்கார்டு என்ற இலவச மென்பொருளைப் போட்டான். 8000, 3389 இரண்டு விதிகளையும் அழித்தான். 51820 என்ற ஒரே போர்ட்டை மட்டும் அந்தச் சின்னப் பெட்டிக்குத் திருப்பினான். சாவி சித்தியின் போனுக்குள் இருக்கிறது. சாவி இல்லாமல் தட்டினால், உள்ளேயிருந்து பதிலே வராது. தட்டியவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது.

கேமராவுக்கும் ரவுட்டருக்கும் புதுப் பாஸ்வேர்டு வைத்தான். ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தான். கருவிகள் கேட்டால் ரவுட்டர் தானாகவே போர்ட் திறந்துவிடும் யுபிஎன்பி என்ற வசதியை நிறுத்தினான். சனிக்கிழமைதோறும் கணக்கைத் தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிப் பீரோவில் வைக்கச் சொன்னான்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சித்தி எழுதிக்கொண்டார்: எந்த எண், எந்தப் பெட்டிக்கு, எதற்காக, யார் போட்டது, தேதி. கேமரா பையனையும் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினார். அவன் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

"இன்னும் நாலு கடையில இப்படித்தான் போட்டிருக்கேன்க்கா. போய் மாத்திடறேன்."

ஒரு வாரம் கழித்துப் பதிவுகளைப் பார்த்தார். விதியை அழித்த நாளுக்குப் பிறகு ராத்திரி நேரத்து வரிகள் ஒன்றுகூட இல்லை.

மதியம் சாதத்தைப் பிசைந்துகொண்டு போனில் விபிஎன்னை அழுத்தினார். ஒரு நிமிடம் பொறுத்துக் கடை தெரிந்தது. அத்தை உற்றுப் பார்த்தார்.

"மேல் தட்டு அண்டாவெல்லாம் களிம்பேறிக் கிடக்கு பாரு. புளி போட்டுத் தேய்க்கச் சொல்லு."

மருமகள் சிரித்துக்கொண்டே கணக்குப்பிள்ளைக்குப் போன் போட்டார்.