ஏலகிரிச் சிறுத்தையும் ஆண்டர்சனும்

நம்ம ஊர்ப்பக்கம்னு சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்றது ரெண்டுதான். ஒண்ணு பிரியாணி, இன்னொண்ணு தோல். ரயில்ல போறவங்க வாணியம்பாடி வந்தாலே டேனரி நாத்தத்துக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு ஜன்னலை இறக்கிடுவாங்க. திறந்து வெச்சிருந்தா ஜோலார்பேட்டை வர்றதுக்குள்ள ஏலகிரி மலையைப் பார்த்திருக்கலாம்.

அந்த மலையில திரிஞ்ச ஆட்கொல்லிச் சிறுத்தை ஒண்ணைப் பத்தி ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார். கென்னத் ஆண்டர்சன் (1910–1974). ஸ்காட்லாந்து வம்சாவளி, ஆனா வாழ்ந்ததெல்லாம் பெங்களூர்ல. ஜிம் கார்பெட்டைத் தெரிஞ்ச அளவுக்கு நம்மாளுங்களுக்கு இவரைத் தெரியாது. இத்தனைக்கும் இவர் சுத்தினது ஜவளகிரி, பென்னாகரம், தளின்னு நமக்குப் பக்கத்துக் காடுகள்ல.

எனக்கு இவரைப் பிடிச்சதுக்கு முதல் காரணம், மனுஷன் நம்மளை மாதிரி வேலைக்குப் போனவர். ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையில உத்தியோகம், லீவு கிடைச்சா காடு. திங்கக்கிழமை பில்டு உடையுமேன்னு ஞாயித்துக்கிழமையே கவலைப்படற நமக்கு இதுல ஒரு ஆறுதல் இருக்கு :-)

ரெண்டாவது காரணம்தான் முக்கியம். 1954ல வந்த அவரோட முதல் புத்தகத்துலயே சின்னாற்றங்கரையில மண்ணைக் குடைஞ்சு குடியிருந்த பைராங்கற பூசாரிக்குத் தனியா ஒரு அத்தியாயம். காட்டைப் படிக்கக் கத்துக்கொடுத்தது அந்த ஆள்தான்னு வெளிப்படையா எழுதறார். எந்த ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கணும், ஓடைக்குப் பேர் என்ன, கூட வந்தவன் எதுக்குப் பயப்படுவான், எல்லாம் வந்துடும். கொஞ்சம் மசாலா தூவியிருப்பார்னு சொல்றவங்களும் உண்டு. இருக்கட்டும். துப்பாக்கியைப் பத்தின பக்கங்களை நானும் வேகமாத்தான் புரட்டுவேன். 1972ல வனவிலங்குச் சட்டம் வந்து அந்தக் கதையெல்லாம் முடிஞ்சும் போச்சு.

இப்போ நாம எழுதற மலையேத்தக் கதைகளைப் பாருங்க. எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், எந்த பிராண்டு ஷூ (அது ஆம்பூர்லயே தைச்சதா இருக்கும், அது வேற விஷயம்!). கூட வந்தவர் வெறும் 'லோக்கல் கைடு'. அவ்ளோதான்.

அவர் இல்லாமப் போனா என்ன ஆகும்? 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில 23 பேர் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம்தான் மலையேத்தத்துக்கு விதிமுறைகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசே 40 பாதைகளை முறையாத் திறந்து, மலைவாழ் மக்களையும் வழிகாட்டிகளாக்கியிருக்கு. நல்ல விஷயம். சிறுத்தையும் பழங்கதை இல்லீங்க. 2024 ஜூன்ல திருப்பத்தூர் டவுன்ல கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளயே புகுந்துடுச்சு. அப்புறம் ஒரு கார் ஷெட்ல ஒளிஞ்சதை மயக்க ஊசி போட்டுப் பிடிச்சாங்க.

போன தடவை சாமிமலை உச்சிக்கு (4,338 அடி) மலையாளி இனத்துப் பெரியவர் ஒருத்தர் கூடப் போனேன். கேரளா இல்ல, ஏலகிரியிலயும் ஜவ்வாது மலையிலயும் வாழற நம்ம பழங்குடி மக்கள். ஊசிவளைவு ரோடு வர்றதுக்கு முன்னாடி, கீழ சந்தைக்குத் தலைச்சுமையோட நடந்தே இறங்கின கதையைச் சொல்லிக்கிட்டே வந்தார். நடுவுல சட்டுனு நின்னு ஒரு குழியைக் காட்டினார். நான் எவனோ பைப் பதிக்கத் தோண்டினதுன்னு நினைச்சேன்.

"கரடி தம்பி. கறையான் தின்ன வந்திருக்குது. மண்ணு இன்னும் ஈரமா கீது பாரு."

மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்தான். அதுக்கப்புறம் உச்சி வரைக்கும் என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரலை. அவர் பாட்டுக்கு எந்தச் செடியை ஆடு திங்காது, எந்தப் பாறை மழைக்கு ஒதுங்க ஆகும்னு சொல்லிக்கிட்டே ஏறினார்.

இறங்கி டீ குடிக்கும்போது, "உங்களைப் பத்தி எழுதப் போறேன், பேரைப் போடட்டுங்களா ஐயா?"ன்னு கேட்டேன்.

"எம் பேரு இன்னாத்துக்கு? எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லப் போறாங்க. ஊரு பேரைப் போடு."

ஊர், மங்கலம்.