விடியற்கால இரைச்சல்

பஹ்ரைனின் ஈசா டவுனில், கடைகளிலும் சிறு கம்பெனிகளிலும் மூன்று லைன், எட்டு எக்ஸ்டென்ஷன் கொண்டு உள் டெலிபோன்களை இணைக்கும் பிபிஎக்ஸ் பெட்டிகளைப் பராமரித்தே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்வூரில் டெலிபோனுக்குப் பிரதான சத்துரு ஈரம். வெயிலின்மேல் பழிபோடுவது சுலபம்; ஆனால் கோடை இரவில் கடற்காற்று சுமந்துவரும் உப்பு நீராவி, ஏசி அறையிலிருந்து சுவரைத் துளைத்து வெளியேறும் கம்பியின் இணைப்புப் பெட்டிக்குள் முத்துமுத்தாகப் படிந்து செய்யும் அனர்த்தத்தை வெயில் செய்வதில்லை.

காலையில் கடை திறந்ததும் ரிசீவரை எடுத்தால் ஒரே இரைச்சல். பத்து மணி வெயிலில் பெட்டி காய்ந்துவிட, பதினொன்றுக்கு வரும் மெக்கானிக்கின் காதில் டயல் டோன் சங்கீதம்போல் விழும். முதலாளிக்கோ அவன் யோக்கியதையிலேயே சந்தேகம்!

இத்தகைய சமயத்தில் பிபிஎக்ஸின் கார்டை மாற்றிப் பார்ப்பது வீண் செலவு. பிபிஎக்ஸ் பெட்டியிலிருந்து லைனைக் கழற்றி, வெறும் கம்பியில் மீட்டரை வைக்கவேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் வோல்ட்டு 48-ஐ ஒட்டி நின்று, சாதாரண போன் ஒன்றை மாட்டி ரிசீவரை எடுத்ததும் பத்துக்கும் கீழே இறங்கி, இரைச்சலும் இல்லாதிருந்தால், வியாதி நம் பெட்டியிலோ உள் வயரிங்கிலோ இருக்கிறது. வெறும் லைனிலேயே இரைச்சல் கேட்டால் புகார் டெலிபோன் கம்பெனிக்குப் போகவேண்டியது. (மணி அடிக்கும் வேளையில் இதே கம்பியில் எண்பது வோல்ட்டை ஒட்டிய ஏசி பாயும்; விரலை வைத்தவர்களுக்கு அந்த ஞாபகம் எளிதில் மறையாது.)

இரு கம்பிகளில் ஒன்று மட்டும் ஈரத்தின் வழியாக எர்த்தைத் தொட்டால், ஜோடியின் சமநிலை கெட்டு, பக்கத்து மின்சார வயரின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பேச்சோடு கலக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈரத்தால் தொட்டாலோ, ரிசீவரை எடுத்துவிட்டதாக எக்ஸ்சேஞ்ச் எண்ணிக்கொள்ள, கடைக்குப் போன் செய்யும் வாடிக்கைக்காரர் காதில் ஓயாமல் பிஸி டோன் ஒலிக்கிறது. ஈரம் செம்பையும் அரிக்கும். எக்ஸ்சேஞ்ச் பாட்டரியின் பாஸிட்டிவ் முனையை எர்த்தோடு பிணைத்திருப்பதே, பூமிக்குள் செம்பு கரைந்துபோகாமல் காப்பதற்கான உபாயம். அவ்வளவு முன்யோசனையும் மூடி போடாத ஒரு பெட்டியில் வியர்த்தமாகிவிடுகிறது. அதற்குள் எட்டிப்பார்த்தால், நெகட்டிவ் கம்பி பளபளப்பாகவும் அதன் ஜோடி பச்சைக் களிம்பேறிப் பாதி கரைந்தும் இருப்பதைக் கண்ணாலேயே காணலாம். களிம்பைச் சுரண்டுவதில் பிரயோஜனமில்லை. நல்ல செம்பு தெரியுமட்டும் வெட்டி, ஜெல் நிரம்பிய கனெக்டரில் புதிதாகக் கோக்கவேண்டும்.

ஆகையால் கடைக்கார அன்பர்கள், 'லைன் சரியில்லை' என்று புகார் சொல்வதோடு நில்லாமல், இரைச்சல் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது என்பதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைப்பார்களாக.