கேட்டுக்கொண்டிருக்கும் முகங்கள்

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை மறுபடி பார்க்கும்போது வசனம் பேசுகிறவரை விட்டுவிட்டு, எதிரே கேட்டுக்கொண்டிருப்பவரைக் கவனிக்கிறேன். அந்த நடிகர்களின் அருமை அங்கேதான் தெரிகிறது. சினிமாத் திரையில் மலையும் கடலும் ஓடும் குதிரையும் நிறையும். அன்றைய சின்னப் பெட்டியில் நிறைந்து தெரிந்தது மனித முகம் ஒன்றுதான்.

*

‘ஐ லவ் லூசி’. 1951 அக்டோபரில் சிபிஎஸ்ஸில் தொடங்கியது. அப்போது பெரிய நிகழ்ச்சிகள் பலவும் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும். மற்ற ஊர்களுக்கு, டி.வி. திரையையே படம்பிடித்த மங்கலான பிரதிதான் போகும். லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்தார்கள். ஃபிலிமில் எடுக்கிறோம் என்றார்கள். அதன் கூடுதல் செலவுக்காகத் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பதிலாகப் படச்சுருள்களின் உரிமை அவர்களுடைய டெசிலு நிறுவனத்துக்கு வந்தது. எழுபது வருஷம் கழித்தும் லூசியின் ஒவ்வொரு முகச்சுளிப்பும் துல்லியமாக நமக்குக் கிடைப்பது அதனால்தான்.

ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்குக் கேமரா பிடித்தவர். மூன்று கேமராக்கள் ஒரே சமயத்தில் ஓட வேண்டும், எதிரே ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஷாட்டுக்கு ஷாட் விளக்கை மாற்றி வைக்க நேரமில்லை. மேலேயிருந்து மேடை முழுக்க ஒரே சீராக ஒளி விழும்படி அவர் அமைத்தார். லூசி ஒன்று சொல்ல, அவள் தோழி எதெல் விழிக்கிறாள் என்றால், அந்தச் சொல்லும் அந்த விழிப்பும் ஒரே நொடியில் நடந்தவை. இரண்டு மணிநேரம் கழித்துத் தனியாக எடுத்து ஒட்டியதல்ல.

1952-இல் வந்த சாக்லேட் தொழிற்சாலை எபிசோடை எல்லோரும் சொல்வார்கள். பெல்ட் வேகமெடுக்க, தாள் சுற்ற முடியாமல் சாக்லேட்டுகளை வாயிலும் சட்டைக்குள்ளும் தொப்பிக்குள்ளும் திணிக்கும் காட்சி. அடுத்த தடவை லூசியை விட்டு, பக்கத்தில் எதெலாக நிற்கும் விவியன் வான்ஸைப் பாருங்கள். பயத்தில் அவர் கை வேகமெடுக்கும் விதம், மேற்பார்வைக்காரி உள்ளே வந்ததும் வாய் நிறைய சாக்லேட்டோடு ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும் விதம். லூசியின் கூத்து நம்பும்படியாக ஆவதே இவரால்தான். 1954-இல் துணை நடிகைக்கான எம்மி விருது இவருக்குக் கிடைத்தது. ரொம்பச் சரி.

தொடரில் இவருடைய கணவராக வரும் வில்லியம் ஃப்ராலி இவரைவிட 22 வயது மூத்தவர். நிஜத்தில் இருவருக்கும் ஆகவே ஆகாது. திரையில் அது பல வருஷம் குடித்தனம் நடத்தி அலுத்துப்போன தம்பதியின் சலிப்பாகவே தெரிகிறது.

*

‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’, 1960 முதல் 1968 வரை. வட கரோலினாவில் மேபெரி என்ற கற்பனை ஊர். ஷெரீஃப் ஆண்டி, அவருக்கு உதவியாளன் பார்னி ஃபைஃப். பார்னிக்குத் துப்பாக்கி உண்டு, தோட்டா ஒன்றே ஒன்று. அதுவும் சட்டைப்பையில்தான் இருக்கவேண்டும். டான் நாட்ஸ் நெஞ்சை நிமிர்த்தி, விழியைப் பிதுக்கி, மறுகணமே வெலவெலத்துப் போவார். அந்த வேடத்துக்காக ஐந்து எம்மி வாங்கினார்.

தொடரின் பெயரே யார் பெயரோ, அந்த ஆண்டி கிரிஃபித்துக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவரும் நகைச்சுவையில் பெயரெடுத்து வந்தவர்தான். முதலில் சிரிக்கவைக்கும் வேலை அவருக்கென்றே இருந்தது. நாட்ஸ் நடிப்பதைப் பார்த்ததும் அதை அவரிடம் விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் வேலையைத் தான் எடுத்துக்கொண்டார். பார்னி அளக்கும்போது ஆண்டியின் கண்ணோரத்தைப் பாருங்கள். சிரிப்பை அடக்குகிறார், ஆனால் கேலி துளியும் இல்லை. நண்பன் அவமானப்படக் கூடாதே என்ற கவலைதான் இருக்கிறது. தன் பெயரில் ஓடும் தொடரில் இப்படி ஒதுங்கி நின்றவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

1963-இல் வந்த ஓர் எபிசோட். ஆண்டியின் மகன் ஓப்பி கவண்கல்லால் ஒரு தாய்ப்பறவையைக் கொன்றுவிடுகிறான். ஓப்பியாக நடித்த ரான் ஹவர்டுக்கு அப்போது வயது ஒன்பது. பிற்பாடு ‘அப்பல்லோ 13’ இயக்கியவர் இவரேதான். அப்பா அடிப்பதில்லை. பையனின் அறை ஜன்னலைத் திறந்துவைக்கிறார். வெளியே தாயில்லாத குஞ்சுகள் கத்துவது உள்ளே கேட்கவேண்டும், அதுதான் தண்டனை. பையன் மூன்று குஞ்சுகளையும் வளர்க்கிறான். கடைசியில் கூண்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பறக்கவிடும்போது, பின்னால் நிற்கும் கிரிஃபித் பெரிதாக எதுவும் செய்வதில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பா வேடத்தில் நான் பார்த்த மிக நல்ல நடிப்புகளில் அது ஒன்று.

*

லியோனார்ட் நிமாய். ‘ஸ்டார் ட்ரெக்’ (1966–69). கேப்டனாக வரும் ஷாட்னர் பொங்கப் பொங்க இவர் அசையாமல் நிற்பார். ஒரு புருவம் மட்டும் மேலே போகும். இதையும் தயாரிக்கத் தொடங்கியது அதே டெசிலுதான். டெசியின் பங்கை வாங்கி லூசில் பால் தனியாக நிறுவனத்தை நடத்திய காலம்.

*

‘மேஷ்’. கொரியப் போரில் ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவமனை. போர் நடந்தது மூன்று வருஷம், தொடர் ஓடியதோ 1972 முதல் 1983 வரை. பின்னணியில் பதிவுசெய்த சிரிப்பொலி வேண்டாம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். சேனல் பிடிவாதம் பிடித்தது. அறுவைசிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கிடையாது என்று முடிவானது. அது எவ்வளவு நல்ல முடிவு என்பதை 1975 மார்ச் எபிசோடில் உணரலாம்.

மருத்துவமனையின் தலைவர் கர்னல் ஹென்றி பிளேக் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, எல்லோரிடமும் விடைபெற்று ஊருக்குக் கிளம்புகிறார். கதை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அறுவைசிகிச்சை அறைக்குள், முகத்தில் முகமூடிகூட இல்லாமல், ரேடார் என்ற குமாஸ்தா வருகிறான். ஹென்றி போன விமானம் ஜப்பான் கடல்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று தாளைப் பார்த்துப் படிக்கிறான். அந்தக் கடைசிப் பக்கத்தைப் படப்பிடிப்புக்குச் சற்று முன்புவரை பெரும்பாலான நடிகர்களிடம் காட்டவே இல்லை. எல்லோர் வாயையும் மூக்கையும் துணி மறைத்திருக்கிறது, நடிக்க மிச்சமிருப்பது கண் மட்டும். வேலையை நிறுத்த முடியாது, மேஜைமேல் ஆள் கிடக்கிறான். நிசப்தத்தில் ஏதோ ஒரு கருவி தரையில் விழும் சத்தம். அது திட்டமிடாமல் விழுந்தது, அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

கேரி பர்காஃப் ரேடாராக அந்தச் சில வரிகளைப் படித்த குரலை மறக்க முடியவில்லை. ஆனால் கேட்டு நின்றவர்களின் கண்களே அதிகம் நினைவில் நிற்கின்றன.

*

அதே 1975. ‘மேரி டைலர் மூர் ஷோ’வில் கோமாளி சக்கிள்ஸின் இறுதிச் சடங்கு. ஊர்வலத்தில் வேர்க்கடலை வேஷம் போட்டுப் போனவனை யானை ஒன்று உரித்துவிட்டது. ஆபீஸில் ஆளாளுக்கு ஜோக்கடிக்க, மேரி மட்டும் கடிந்துகொள்கிறாள். சடங்கில் மற்றவர்கள் அடங்கி உட்கார்ந்திருக்க, பாதிரியார் பேசப்பேச அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. இருமலாக்கிப் பார்க்கிறாள், கைக்குட்டையால் அடைத்துப் பார்க்கிறாள். பாதிரியார் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, ‘சிரியுங்கள், அவருக்கு அதுதான் பிடிக்கும்’ என்கிற மாதிரி ஆறுதல் சொன்னதும் உடைந்து அழுகிறாள். சிரிப்பிலிருந்து அழுகைக்கு வெட்டில்லாமல் போவது எத்தனை பேருக்கு வரும்? மேரி டைலர் மூருக்கு வந்தது.

*

கடைசியாக, எனக்கு எல்லோரையும்விடப் பிடித்த பீட்டர் ஃபாக். ‘கொலம்போ’வில் அவர் துப்பறிவாளர். கொலைகாரன் யாரென்று முதலிலேயே காட்டிவிடுவார்கள். மிச்ச நேரமெல்லாம் ஒருவர் பேச ஒருவர் கேட்பதுதான். ஃபாக்குக்கு மூன்று வயதில் புற்றுநோயால் வலக்கண் போனது, அது கண்ணாடிக்கண். அந்தச் சற்றே விலகிய பார்வையால், அவர் எங்கே பார்க்கிறார் என்று எதிராளிக்குப் பிடிபடாது. கசங்கிய மழைக்கோட்டு அவர் சொந்தமாக வாங்கிவைத்திருந்தது. வாசல்வரை போய், ‘இன்னும் ஒரே ஒரு விஷயம்’ என்று திரும்பி வரும் பழக்கம் எழுத்தாளர்கள் லெவின்சனும் லிங்கும் நாடகமாக எழுதியபோது பிறந்தது. காட்சி நீளம் போதவில்லை, கொலம்போவோ ஏற்கெனவே வெளியேறிவிட்டார். திரும்ப டைப் அடிக்க அலுப்பாக இருந்ததால் அவரை மறுபடி உள்ளே வரவழைத்தார்கள்.

1973-இல் டொனால்ட் பிளெசன்ஸ் ஒயின் தயாரிப்பாளராக நடித்த எபிசோட். ஒயினைத் தவிர வேறெதையும் நேசிக்காத மனிதன், ஆலையை விற்கப் பார்க்கும் மாற்றாந்தாய் மகனான சகோதரனைக் கொன்றுவிடுகிறான். உணவகத்தில் பரிமாறிய போர்ட் ஒயின் வெப்பத்தில் கெட்டுவிட்டது என்று கத்துகிறான். அது அவனுடைய சொந்த நிலவறையிலிருந்து கொலம்போ எடுத்துவந்த பாட்டில். கொலை நடந்த நாட்களில் அங்கே குளிர்சாதனம் அணைக்கப்பட்டிருந்ததை அவன் நாக்கே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அவன் கத்தும் நேரமெல்லாம் ஃபாக் முகத்தில் வெற்றியில்லை, வருத்தம்தான். கடைசியில் கைதியைக் காரில் உட்காரவைத்து, அவனுக்குப் பிடித்த ஒயினைத் தன் கையாலேயே ஊற்றித் தருகிறார்.

முதன்முறை கொலம்போ பார்ப்பவர்கள் 1968-இல் வந்த முதல் படத்தில் தொடங்க வேண்டாம். அதில் தலை படிய வாரியிருக்கிறது, பேச்சிலும் அதட்டல் அதிகம். ஃபாக் இன்னும் அந்த மனிதரைத் தேடிக்கொண்டிருக்கிறார். இந்த ஒயின் கதையிலிருந்து தொடங்குங்கள். பிறகு 1971-க்குப் போய், இருபத்துநான்கு வயது ஸ்பீல்பெர்க் இயக்கிய முதல் எபிசோடைப் பாருங்கள்.