சாந்தோம்: பார்வை நேரங்களுக்கு இடையே

ஜூன் 22

சென்னை சாந்தோம் பேராலயம் கோதிக் பாணியைத் தழுவி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. போர்த்துகீசியர் 1523இல் எழுப்பிய ஆலயத்தை 1893இல் இடித்துவிட்டு, ஆங்கிலேயப் பொறியாளர் கேப்டன் பவரின் வரைபடப்படி இதைக் கட்டினார்கள். 1896 ஏப்ரல் 1இல் அர்ச்சிப்பு நடந்தது. கோபுரத்தின் உயரம் 155 அடி. தாயின் அறுவைச் சிகிச்சைக்காக ஆனைமலையிலிருந்து வந்த மகனுக்கு, மருத்துவமனையில் காலைப் பார்வை நேரம் முடிந்ததும் மாலைவரை உட்கார இடம் இதுவே.

ஜூன் 23

கோதிக் கட்டடத்தின் உயிர் கூர்வளைவில் இருக்கிறது. அரைவட்ட வளைவு மேலிருக்கும் பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். கூர்வளைவு அதில் பெரும்பங்கைக் கீழ்நோக்கி இறக்கிவிடும். மிஞ்சிய தள்ளலை வெளிப்புற உதைசுவர்கள் வாங்கிக்கொள்ளும். இடைப்பட்ட சுவருக்குச் சுமை குறைவதால் அங்கே உயரமான சாளரங்கள் திறக்கலாம். 1140களில் பாரிஸுக்கு அருகில், சேன் தெனி மடாலயத்தில், தலைவர் சூஜே இந்த முறையில் ஒளியை உள்ளே வரவழைத்தார். ஐரோப்பியப் பேராலயங்கள் பலவற்றில் கூரையும் கல்லாலான வளைவே. சாந்தோமில் மரக்கூரை. ஆனைமலைத் தேக்குக் காட்டுப் பக்கம் பிறந்தவன் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

ஜூன் 24

அம்மாவுக்கு இரவெல்லாம் காய்ச்சல். ஆலயத்துக்குப் போகவில்லை.

ஜூன் 27

முதன்மையான வண்ணச் சாளரம் புனித தோமையாரின் கதையைச் சொல்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டதாக மற்றச் சீடர்கள் சொன்னபோது தோமையார் நம்பவில்லை. காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். பிறகு இயேசுவே வந்து தம் விலாவைக் காட்டினார்.

இத்தகைய சாளரம் ஒரே கண்ணாடிப் பலகையில் தீட்டிய படம் அல்ல. உருகிய கண்ணாடியில் உலோக ஆக்சைடுகளைக் கலந்து நிறமேற்றுவார்கள். கோபால்ட் நீலம் தரும். துண்டுகளை வரைபடத்துக்கேற்ப வெட்டி ஈயப் பட்டைகளால் இணைப்பார்கள். முகம், விரல், ஆடை மடிப்பு ஆகியவற்றைக் கரும்பழுப்பு வண்ணத்தால் தீட்டிச் சூளையில் சுட்டெடுப்பார்கள். வெள்ளிச் சேர்மம் பூசிச் சுட்டால் மஞ்சள் ஏறும். வெளியே வெயில் மாறினால் உள்ளே படமும் மாறும். மேகம் மூடியதும் தோமையாரின் முகம் மங்கிப்போனது.

அம்மா குணமாகிவருவதாக மருத்துவர் சொல்கிறார். யாருக்கும் அது போதவில்லை.

ஜூன் 28

கட்டு பிரித்தார்கள். பக்கத்தில் நின்ற மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 1

நடுவே எழும் சிறிய கோபுரம் தோமையாரின் கல்லறை இருக்குமிடத்தைக் குறிக்கிறது. அவர் கி.பி. 72இல் இப்பகுதியில் ஈட்டியால் குத்தப்பட்டு மறைந்தார் என்பது மரபு. கல்லறை பூமிக்கடியில் உள்ளது. அவருடையதாகப் போற்றப்படும் எலும்புகள் பழங்காலத்திலேயே எதெசாவுக்கும், அங்கிருந்து கியோஸ் தீவுக்கும், 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் போய்விட்டன. சாந்தோம் இருக்கும் மயிலையில் (மயிலாப்பூரில்) எஞ்சியதாகக் காட்டப்படுபவை ஒரு சிறு எலும்புத் துண்டும் ஈட்டி முனையும். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. கீழே பேச்சே இல்லை. முழந்தாளிட்ட ஒரு பெண் கையில் மருத்துவமனைக் கோப்பு.

மையப் பீடத்தில் இயேசு தாமரைமேல் நிற்கிறார், இருபுறமும் மயில்கள். மயிலையின் பறவை ஆனைமலைத் தென்னந்தோப்பிலும் தினமும் மேய்வதுதான்.

ஜூலை 3

தோமையார் திருநாள். முன்பு டிசம்பர் 21இல் கொண்டாடப்பட்டது. 1969 நாட்காட்டித் திருத்தத்தில் இந்த நாளுக்கு மாறியது. திருப்பலி முடிந்து வெளியே வரவே நேரமாகிவிட்டது.

மாலையில் அம்மா கேட்டார்: "தோப்புக்குத் தண்ணி பாஞ்சுதா கண்ணு?" பிறகு தையலைக் காட்டினார். மகன் பார்த்தான். எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 4

சாந்தோம் 1956இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வாசல் உண்டு. மேலே திருப்பலி நடக்கும்போதும் அதன் வழியே இறங்கலாம். கட்டணம் இல்லை.