தண்ணீர் போகும் வழி

2022 யூன் 28, செவ்வாய், திருகோணமலை

டீசல் இயந்திரம் எரிக்கும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு வெளியேற, மறுபகுதியை இயந்திரத்தின் உடலுக்குள் ஓடும் தண்ணீர் வாங்கிச் சென்று, முன்புறத்திலுள்ள ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. இது மூடிய சுற்று ஆதலால் அதிலுள்ள தண்ணீர் குறைவதற்கு நியாயம் இல்லை. உள்துறைமுக வீதிக்கு அண்மையில் ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கும் டொயோட்டா ஹைஏஸ் வானில் அது குறைகிறது. இலங்கையில் ‘டொல்பின்’ என்று சொன்னாலே விளங்கிக்கொள்ளப்படும் இவ்வகை வானின் முன் இருக்கைகளுக்கு அடியில், 2,779 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட 3எல் இயந்திரம் இருக்கிறது. சென்ற வாரம் டீசல் வரிசையில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்துகொண்டிருந்தபோது வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டதும், வானின் உரிமையாளரான ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், வரிசையை விட்டு விலகி வீடு திரும்பினார்.

நேற்று நள்ளிரவு முதல் யூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசலின் விலை இப்போது 460 ரூபா. வழக்கமாக இவ்வானைப் பார்த்துவந்த மெக்கானிக் வேலை தேடி வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டார். ஆகவே வேலையை உரிமையாளரே செய்வதென்று முடிவாகியிருக்கிறது. எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்பது மறந்துவிடாதிருக்க இக்குறிப்பேடு தொடங்கப்படுகிறது.

யூலை 1

இயந்திரம் இயக்கப்படவில்லை. தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தது.

யூலை 3, ஞாயிறு

தெர்மோஸ்டாற் என்பது, உள்ளே அடைத்த மெழுகு சூட்டில் உருகி விரியும்போது திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடும் ஒரு சிறு வால்வு. அது திறக்க மறுத்தால் இயந்திரம் கொதிக்கும் என்பதால், சந்தேகப்பட வேண்டியவற்றுள் மலிவானதும் எளிதிற் கழற்றக்கூடியதும் அதுவே. சமையல் எரிவாயு கிடைக்காமற் போனதிலிருந்து கொல்லைப்புறத்தில் விறகு அடுப்பே எரிகிறது. அவ்வடுப்பில் ஒரு சட்டித் தண்ணீரை வைத்து, அதற்குள் வால்வை நூலில் தொங்கவிட்டு, பழைய ஆய்வுகூட வெப்பமானியையும் இறக்கிப் பார்த்ததில், எண்பது பாகையைக் கடந்த சற்றுநேரத்தில் அது ஒழுங்காகத் திறந்தது. ஆறவிட்டபோது ஒழுங்காக மூடியது. வால்வில் குற்றமில்லை. அந்தச் சட்டி இனிச் சமையலுக்கு ஆகாது என்பது ரொறன்ரோவிலுள்ள மனைவிக்குத் தெரிவிக்கப்படவில்லை.

யூலை 6

மண்ணெண்ணெய் இல்லாமல் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் கரையேறிக் கிடப்பதால், அவற்றைத் திருத்துவோரும் கைகட்டி இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரான கிண்ணியாவைச் சேர்ந்த முதிய படகு மெக்கானிக், முன்னொரு காலத்தில் தம் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த நன்றியை மறவாமல், சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார். உரிமையாளர் அவரை நானா என்பார். அவர் இவரைச் சேர் என்பார். இருக்கைகளைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி இயந்திரத்தை ஓடவிட்டு, இருவரும் குனிந்து பார்த்தனர். சில குமிழிகள் மேலெழுந்தன.

இக்குமிழிகளுக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. வார்ப்பிரும்பாலான இயந்திரக் கட்டைக்கும் அதன்மேல் அமர்ந்திருக்கும் அலுமினிய ஹெட்டுக்கும் இடையே கஸ்கட் எனப்படும் மெல்லிய தகடு இருக்கிறது. எரிந்த வாயு, எண்ணெய், தண்ணீர் மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமற் பிரித்து வைப்பது அதுவே. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், ஒருமுறை அளவுமீறிக் கொதித்த இயந்திரத்தில் அத்தகடு எங்கேனும் விட்டுக்கொடுக்க, சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் புகும் என்பது முதல் விளக்கம். குறைந்த தண்ணீரின் இடத்தில் புகுந்த காற்று வெளியேறுகிறது என்பது இரண்டாவது. முதலாவதையே உரிமையாளர் ஏற்றார்; அதை மெக்கானிக்குக்கு ஒரு தாளில் வரைந்தும் காட்டினார்.

மெக்கானிக் தாளை மரியாதையோடு பார்த்துவிட்டு வானுக்கு அடியில் படுத்தார். “சேர், தண்ணி எங்கயோ போகுது. எங்க போகுதெண்டு தெரியாம ஹெட்டக் கழட்டப்படாது” என்றார். குளிர்நாட்டுக்கெனச் செய்யப்பட்ட இவ்வான்களில், பின்னிருக்கைப் பயணிகளுக்கு வெப்பம் கொடுக்க இயந்திரத்தின் சுடுநீரைப் பின்புறம் கொண்டுபோய்த் திருப்பும் இரும்புக் குழாய்கள் தரைக்கு அடியில் ஓடுவதுண்டு. கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பவை அவை. இந்த வானில் அவை எப்போதோ அடைக்கப்பட்டுவிட்டதாக வாங்கியபோது சொல்லப்பட்டது. குழாய்களின் மேல்முனையைப் பார்ப்பதென்றால் பின்புறப் பலகையை அகற்ற வேண்டும். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, கதிர்காமத்துக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் போகும் வழியில் இருவர் படுத்துறங்குவதற்கென அடிக்கப்பட்ட பலகை அது. அதன் அடியில் அடுப்பு, பாய், தண்ணீர்க் கலன் வைக்கும் அறைகள் இருக்கின்றன. பலகையின் திருகாணிகள் இறுகிவிட்டன என்று உரிமையாளர் சொன்னார்.

ஹெட்டைக் கழற்றுவதென்று தீர்மானம்.

யூலை 9, சனி

கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்துவிட்டார்கள். மே மாதத்தில், பதவி விலகிய பிரதமர் இங்குள்ள கடற்படைத் தளத்தில் தஞ்சம் புகுந்தபோது அதன் வாயிலில் கூடிய கூட்டத்தின் கூச்சல் இவ்வீதிவரை கேட்டது. இன்று வீதியில் நாய் குரைக்கவுமில்லை. புகைபோக்கியை இயந்திரத்தோடு பிணைக்கும் திருகாணிகளில் இரண்டு துருவால் முறிந்தன. எதுவும் செய்யத் தோன்றவில்லை.

யூலை 15

முறிந்த தண்டுகளில் மண்ணெண்ணெய்யும் இயந்திர எண்ணெயும் கலந்து ஊற்றி இரு இரவுகள் ஊறவிட்டதில் அவை அசைந்துகொடுத்தன. மனம் தெளிந்திருக்கிறது. மேலே வால்வுகளை இயக்கும் தண்டையும் டீசலைப் பீய்ச்சும் பம்பையும் கீழுள்ள பிரதான தண்டோடு சேர்த்துச் சுழற்றும் பல்லுடைய பட்டியே டைமிங் பெல்ட். அதன் ஒரு பல் இடம் மாறி மாட்டப்பட்டாலும் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளக் கூடுமாதலால், கழற்றுமுன் சக்கரங்களின் குறிகள் மூன்றும் வெள்ளைப் பூச்சால் அடையாளமிடப்பட்டன. ஹெட்டின் திருகாணிகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டன. பூட்டும்போது இவ்வொழுங்கு நடுவிலிருந்து ஓரமாகத் திரும்பும். அயல்வீட்டு இளைஞர் இருவர் தூக்கிக் கொடுக்க, ஹெட் வெளியே வந்தது.

கஸ்கட்டில் இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே சற்றுக் கறுத்திருக்கிறது. அது ஒழுக்கின் தடமாக இருக்கலாம். வயதின் நிறமாகவும் இருக்கலாம். நேர்விளிம்புக் கோலை ஹெட்டின் முகத்தில் கிடத்தி, கீழே 0.05 மில்லிமீற்றர் தடிப்புள்ள அளவுத் தகட்டைச் செருகிப் பார்த்ததில் ஓரிடத்திலும் நுழையவில்லை.

இரவு ரொறன்ரோவிலிருந்து மகன் பேசினான். தாயார் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய் இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது. “அப்பா, அந்தப் பழைய வானை வித்துப்போட்டு வாங்கோ, அம்மா நெடுகக் கேட்டுக்கொண்டிருக்கிறா” என்றான். ஹெட் கழற்றிக் கிடக்கும் வானை எவரும் வாங்கமாட்டார் என்று அவனுக்கு விளக்கப்பட்டது. அது உண்மையுங்கூட.

யூலை 21

ஹெட்டைச் சாக்கில் கட்டி, நிற்கவும் இடமில்லாத பேருந்தில் கிண்ணியாவிலுள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. வழி சீனக்குடாவைத் தொட்டுச் செல்கிறது. அங்கே பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது தாங்கியொன்று தீப்பற்றியது. மேல்தொகுதியின் தாங்கிகள் பல்லாண்டுகளாகக் காட்டுக்குள் துருவேறிக் கிடக்க, இவ்வாண்டு சனவரி 6ஆம் நாள் கைச்சாத்தான உடன்படிக்கை 99 தாங்கிகளையும் பங்கிட்டது: லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் கூடி அமைக்கும் கம்பனிக்கு 61. நாட்டின் எரிபொருளை மாதக்கணக்கில் சேமிக்கக்கூடிய இவ்விடத்தின் வேலியோரமாக, வெற்றுக் கலன்களைக் கயிற்றில் கோத்தபடி மக்கள் வெயிலில் அமர்ந்திருந்தார்கள். தாங்கி இருப்பதும் அதில் ஊற்றுவதற்கு அந்நியச் செலாவணி இருப்பதும் வெவ்வேறு விடயங்கள் என்பது பொருளியலில் சரி. பேருந்து சன்னலிலிருந்து பார்ப்பவருக்கு அது சரியாகப் படவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி சொன்ன வசைமொழி அச்சுக்கு உகந்ததன்று, ஆனால் பிழையுமன்று.

2009இல் பாலம் திறக்கப்படும்வரை ‘பாதை’ எனப்படும் மிதவையில் கடந்த களப்பை இப்போது நிமிடத்தில் கடக்கலாம். பட்டறையில் மின்வெட்டு முடியும்வரை காத்திருந்து, ஹெட்டின் நீர்வழிகளை அடைத்து, உள்ளே அழுத்தக் காற்றைச் செலுத்தி, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திச் சோதித்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை, வெடிப்பு இல்லை. பட்டறைக்காரர் இதை நற்செய்தியாகவே சொன்னார்.

யூலை 28

ஆடி அமாவாசை. விரதம். கோணேசர் கோயிலுக்குக் கால்நடையாகப் போய் வந்தது.

ஆகஸ்ட் 1, திங்கள்

இன்று முதல் நாடு முழுவதும் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை. வானுக்கு வாரம் 20 லீற்றர். முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. டீசல் 430 ரூபாவாக இறங்கியிருக்கிறது. ஹெட் இல்லாத வானுக்கும் குறியீடு கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 8

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து கஸ்கட் இரவுப் பேருந்தில் வந்து சேர்ந்தது. அதைப் பொருத்தி, ஹெட்டை இறக்கி, திருகாணிகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக மூன்று சுற்றுகளில் இறுக்கி, வெள்ளைக் குறிகள் நேர்நின்றதைப் பிரதான தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்து உறுதிசெய்வதற்குள் மாலையாகிவிட்டது.

கழற்றி மாட்டிய டீசல் இயந்திரம் உடனே இயங்காது. அதற்குப் பெற்றோல் இயந்திரத்தைப் போலத் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கும்போது எழும் சூட்டில், இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. குழாய்க்குள் காற்று இருந்தால், பம்பு கொடுக்கும் அழுத்தமெல்லாம் அக்காற்றைச் சுருக்குவதிலேயே கழிய, இன்ஜெக்டர் திறவாது. ஆகவே பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அது விறைக்கும்வரை அழுத்தி, பின் இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, நுரை நின்று தெளிந்த டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். நான்காவது நட்டு இறுகுமுன்னரே இயந்திரம் இருமி, வெண்புகை கக்கி, ஓடத் தொடங்கியது. அயல்வீட்டு இளைஞர்கள் கைதட்டினார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் தம் முற்றத்தைச் சுற்றி மும்முறை நடந்ததை அவர்கள் கண்டிருக்கக்கூடும்.

ஆகஸ்ட் 9

நிலாவெளிவரை போய் வந்தது. முள் நடுவிலேயே நின்றது.

ஆகஸ்ட் 13

கந்தளாயிலிருந்து ஒரு தரகர் தொலைபேசியில் அழைத்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வான்களின் விலை ஏறிக்கொண்டே போவதால், வாங்கிய காலத்து விலையைப் போலப் பல மடங்கு தருவதாகச் சொன்னார். வான் ஓடுகிறதா என்று கேட்டார். பரிசோதனை முடியவில்லை என்று பதில் கொடுக்கப்பட்டது. கடவுச்சீட்டு விண்ணப்பப் படிவம், திருகாணி இறுக்க வேண்டிய ஒழுங்கு எழுதிய தாளோடு மேசையில் கிடக்கிறது. புகைப்படம் எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17

தண்ணீர் இரண்டு விரல் குறைந்திருக்கிறது.

படகுகளுக்குச் சிறிது மண்ணெண்ணெய் கிடைக்கத் தொடங்கியிருந்தும் மெக்கானிக் வந்தார். இம்முறை ரேடியேட்டரைத் திறக்கவே இல்லை. பின்சக்கரங்களுக்கு நடுவே மணலைக் கையால் அளைந்து, ஈர மண்ணைப் பிடித்து எடுத்து உரிமையாளரின் உள்ளங்கையில் வைத்தார். பலகையைக் கழற்ற அரைமணி நேரம் போதும், இறுகிய திருகாணியை வெட்டி எடுக்கவும் தம்மிடம் கருவி இருக்கிறது என்றார். இரவில் பெய்த தூறலின் ஈரமாக இருக்கக்கூடும் என்று உரிமையாளர் கருதினார். அதற்கு மறுமொழி சொல்லாமல் மெக்கானிக் தேநீர் குடித்தார். போகும்போது, “அந்தப் பலகைய அடிச்ச ஆள் நல்ல வேலைக்காரன், சேர்” என்றார். அடித்தது உரிமையாளர்தான், மட்டம் பிடித்துக் கொடுத்தவர் ரொறன்ரோவில் இருக்கிறார்.

ஆகஸ்ட் 19

மகன் பேசினான். வான் இன்னும் சரிவரவில்லை என்று சொல்லப்பட்டது.

ஆகஸ்ட் 24

புதிய கஸ்கட் சூடேறி ஆறியபின் சற்று அமர்ந்து கொடுக்கும் என்பதால், திருகாணிகளை மீண்டும் ஒழுங்கின்படி சோதிப்பது பயனுள்ளது. ஆனால் அது போதாது என்றே படுகிறது. கறுத்திருந்த அவ்விடத்தில், ஹெட்டை மட்டுமன்றிக் கட்டையின் முகத்தையும் இன்னொருமுறை நேர்கோலால் பார்க்க வேண்டும். பஞ்சிகாவத்தைக்குப் பணம் அனுப்பியாயிற்று. இரண்டாவது கஸ்கட் சனிக்கிழமை பேருந்தில் வரும்.