லுவோ நதியின் மேல் ஆணை

கி.பி. 248, குளிர்காலம். வெய் நாட்டின் தலைநகரம் லுவோயாங். பணிப்பெண்கள் இருவர் தாங்கிப் பிடிக்க, கிழவர் ஒருவர் வந்து உட்காருகிறார். கொடுத்த மேலாடை கையிலிருந்து நழுவி விழுகிறது. வாயைச் சுட்டிக் காட்டுகிறார், கஞ்சி வருகிறது. குடித்ததில் பாதி மார்பில் வழிகிறது.

எதிரே இருக்கும் லி ஷெங் கண்கலங்குகிறார். ஜிங் மாகாணத்துக்கு ஆளுநராகப் போகிறேன் என்று சொல்லி விடைபெறுகிறார். கிழவர் காதில் அது பிங் மாகாணம் என்று விழுகிறது. தெற்கே போகிறவரிடம் வடக்கு எல்லையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். தன் இரு மகன்களையும் கைவிட வேண்டாம் என்று கெஞ்சுகிறார்.

இவர்தான் சிமா யி. எதிரி நாட்டு ஜூகே லியாங்கின் படைகளுக்கு அணை போட்ட தளபதி. 239இல் பேரரசர் சாவ் ருய் சாகும் தறுவாயில், பட்டத்துக்குரிய சிறுவனை இவரிடமும் சாவ் ஷுவாங்கிடமும் ஒப்படைத்தார். சாவ் ஷுவாங் இவருக்கு அரசகுரு என்ற பெரிய பட்டத்தைக் கொடுத்துவிட்டு, அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். இப்போது அவருடைய ஆளான லி ஷெங் திரும்பிப் போய், கிழவரிடம் மூச்சு மட்டுமே மிச்சம் என்கிறார். சாவ் ஷுவாங் நம்புகிறார்.

249 பிப்ரவரி. சாவ் ஷுவாங் தன் தம்பிகளோடும் இளம் பேரரசரோடும் நகருக்கு வெளியே காவ்பிங் கல்லறைக்கு வழிபடப் போகிறார். நோயாளி எழுந்து நிற்கிறார். கோட்டைக் கதவுகள் சாத்தப்படுகின்றன. ஆயுதச் சாலை கைமாறுகிறது. மூத்த மகன் மறைவாக வளர்த்த 3,000 வீரர்கள் திரள்கிறார்கள். பேரரசித் தாயின் பெயரால் ஆணை பிறக்கிறது. லுவோ நதியின் மிதவைப் பாலத்தைப் படை மறிக்கிறது.

பேரரசர் இன்னும் சாவ் ஷுவாங்கிடம்தான் இருக்கிறார். சூசாங் நகருக்குப் போய்ப் படை திரட்டுங்கள் என்று அவருடைய ஆலோசகர் ஹுவான் ஃபான் மன்றாடுகிறார். சிமா யியோ, பதவி போகுமே தவிர உயிருக்குத் தீங்கில்லை என்று லுவோ நதியைச் சாட்சி வைத்துச் சத்தியம் செய்து அனுப்புகிறார். இரவெல்லாம் தவித்த சாவ் ஷுவாங், விடியற்காலையில் வாளைத் தரையில் போடுகிறார். செல்வந்தனாகவாவது வாழலாம் என்ற நினைப்பு.

சில நாட்களிலேயே துரோகக் குற்றம் சாட்டி, அவரையும் கூட்டாளிகளையும் உறவினரோடு சேர்த்துக் கொன்றார்கள். கண்கலங்கிய லி ஷெங்கும் அவர்களில் ஒருவர்.

சிமா யி அரியணை ஏறவில்லை; 251இல் இறந்தார். 266இல் பேரன் சிமா யான் ஏறி ஜின் வம்சத்தைத் தொடங்கினார். அந்த வம்சத்தில் பின்னாளில் வந்த பேரரசர் மிங், முன்னோர் நாட்டைப் பிடித்த கதையை அமைச்சர் வாங் தாவோ சொல்லக் கேட்டு, முகத்தைப் படுக்கையில் புதைத்துக்கொண்டார். இப்படி வந்த ஆட்சி எப்படி நீடிக்கும் என்றார். சிமா யியின் மேல் மற்றவர்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. அவருடைய வாரிசே சொல்லிவிட்டார்.